திருந்தாத அப்பன்

சில ஆண்டுகளுக்கு முன் ஜொகூரில் ஒரு சிறுகதைப் போட்டிக்கு நடுவராக உட்கார நேர்ந்தது. நாங்கள் மூன்று பேர். மேசைமேல் ஒரு கட்டுக் கதைகள். அந்தக் கட்டிலிருந்து இன்று எனக்கு ஒரே ஒரு கதைதான் ஞாபகமிருக்கிறது. பாசிர் கூடாங் பக்கம் ஓர் அடுக்குமாடி வீடு. அப்பா லாரியில் சாமான் ஏற்றி இறக்குகிறவர். குடிக்காத நாள் கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரியானால், குடித்துவிட்டு வந்த அதே கையோடு, மகளின் பள்ளிச் சீருடைகள் ஐந்தையும் எடுத்து வரிசையாக இஸ்திரி போடுவார். நீலப் பினஃபோரின் மடிப்பு ஒவ்வொன்றும் கத்திமுனை மாதிரி நிற்கும். கை நடுங்கும், துணி தீயாது. மகள் பாயில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள். ஐந்தாவது சீருடையை ஆணியில் மாட்டிவிட்டு அவர் மறுபடியும் கீழே இறங்கிப் போய்விடுவார். கதை அவ்வளவுதான். எழுதியது பதினேழு வயதுப் பெண்.

“கதை நல்லாத்தான் எழுதியிருக்கு பிள்ள. கடைசில அப்பன் திருந்தியிருந்தா முதல் பரிசே கொடுத்திருக்கலாம்” என்றார் ஒரு நடுவர். இன்னொருவர் ஒரு படி மேலே போனார்: “நம்ம மானத்த நாமளே சந்தியில வைக்கிறதா? மலாய்க்காரன், சீனன் படிச்சா என்ன நெனப்பான்?” எந்த மலாய்க்காரர் ஐயா தமிழ்க் கதை படிக்கிறார் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. கதைக்கு ஆறுதல் பரிசு கொடுத்தோம். அன்று வாயை மூடிக்கொண்டிருந்ததற்குப் பிராயச்சித்தமாக இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இருவரும் கெட்டவர்கள் இல்லை. தமிழ்ப்பள்ளிக்கும் தமிழ்ச் சங்கத்துக்கும் ஆயுசைக் கொடுத்தவர்கள். அவர்கள் சொன்னதும் அவர்களுடைய சொந்தச் சரக்கு இல்லை. நூல் வெளியீடுகளிலும் பரிசளிப்பு மேடைகளிலும் ஞாயிறு மலர்க் கடிதங்களிலும் நான் நாற்பது வருஷமாகக் கேட்டுவருவதுதான். மறுப்பதற்கு முன் அதை அதன் முழு பலத்தோடு சொல்லிவிடுவது நியாயம். நாம் சிறுபான்மை. குடிகாரன், குண்டர் கும்பல்காரன் என்று ஏற்கெனவே பெயர் கெட்டுக் கிடக்கிறது. படித்து முன்னுக்கு வந்த தமிழர் எத்தனையோ பேர் இருக்க, எழுத்தாளன் ஏன் சாக்கடைப் பக்கமே போய் நிற்கிறான்? ரப்பர்த் தோட்டமும் போயிற்று, தொழிலாளர் குடியிருந்த லயமும் போயிற்று. இன்னும் என்ன புலம்பல்? இளைய தலைமுறைக்கு நம்பிக்கை தரும் கதை வேண்டாமா?

இதில் பாதி உண்மை. ஜொகூரின் ஏறத்தாழ 40 லட்சம் மக்களில் இந்தியர் நூற்றுக்கு ஏழு பேர் தேறுவதே கடினம். பெயர் கெட்டிருப்பதும் உண்மை. இந்த உண்மைகளை வைத்துக்கொண்டு எட்டப்படும் முடிவுதான் தலைகீழாக இருக்கிறது.

திருந்தும் அப்பன் எங்கிருந்து வந்தான் என்று பார்க்கலாம். அவனுக்குக் கௌரவமான ஒரு பூர்வீகம் உண்டு. கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள்ளேயே வைத்தது வெள்ளைக்கார நிர்வாகம். காலையில் பால்மரம் வெட்டிச் சம்பாதித்த காசு சாயங்காலம் அதே தோட்டத்துக் கடைக்குத் திரும்பிப் போகும்படியான ஏற்பாடு. 1929 கடைசியில் பெரியார் மலாயா வந்து போனதும் சீர்திருத்தப் பேச்சு லயங்கள் வரை எட்டியது. யுத்தம் முடிந்து 1947இல் கெடா தோட்டங்களில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை வாசலில் மறியலுக்கு நின்று போலீஸிடம் அடிபட்டார்கள். பத்திரிகைகளும் கதைகளும் அந்தச் சூட்டிலேயே வளர்ந்தன. 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 1950இல் சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் இருவரையும் கொண்டு ‘கதை வகுப்பு’ நடத்தியது. பால்வெட்டுக்காரர் பிள்ளையும் கிராணி பிள்ளையும் தபாலில் கதை எழுதப் படித்தார்கள். உலகத்தில் வேறெங்கும் ஒரு கூலிச் சமூகத்துக்கு இப்படியொரு பள்ளிக்கூடம் நடந்திருக்குமா, தெரியவில்லை. அதை நான் குறைத்துப் பேசுவேனா?

ஆனால் வழியில் எங்கோ ஒரு கைமாற்றம் நடந்துவிட்டது. மறியலுக்கு நின்ற இளைஞன் கள்ளுக்கடையை எதிர்த்தான்; அதை அங்கே வைத்த துரையை எதிர்த்தான். பிறகு வந்த நமது போட்டிக் கதையோ குடித்தவனை எதிர்த்தது. கடை கதையைவிட்டே மறைந்துவிட்டது. கம்பெனியும் மறைந்தது. மிஞ்சியது ஓர் அப்பன், அழும் அம்மா, முதல் மாணவியாகத் தேறும் மகள், கடைசிப் பக்கத்தில் அப்பன் கண்ணில் நீர். குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர்கள் நழுவிப் போக, சாட்சிக்கு வந்தவனைப் பிடித்துக் கூண்டில் ஏற்றிய வழக்கு அது. இதற்குப் பெயர் நம்பிக்கை தரும் கதை.

அவமானம் என்று பேசுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஏழையை உன் கதைக்குள் வரவிடுவாய். திருந்துவதாக இருந்தால் மட்டும். வாசலிலேயே உறுதிமொழி வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுவாய். அவனுக்கு ஒரு நகைச்சுவை உண்டு, ஒரு தந்திரம் உண்டு, ஞாயிற்றுக்கிழமை இரவில் இஸ்திரி பிடிக்கும் ஒரு கை உண்டு. அதெல்லாம் உனக்கு வேண்டாம். பாடம் நடத்த ஒரு பொம்மை வேண்டும். இதைவிட அவனை வேறு எப்படிச் சிறுமைப்படுத்த முடியும்? கு. அழகிரிசாமி ஐம்பதுகளில் கோலாலம்பூருக்கு வந்து ‘தமிழ் நேச’னில் வேலை பார்த்தவர். அவருடைய கதைகளில் வரும் ஏழைக் குழந்தைகள் யாருக்கும் பாடம் சொல்ல வரவில்லை. கிழிந்த சட்டையோடு வந்தார்கள், போட்டி போட்டார்கள், சிரித்தார்கள். நம் ஊரிலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த மனிதரிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டது என்ன என்பதை இன்னொரு நாள் பேசலாம்.

மானக் கணக்குக்கு வருகிறேன். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர்கள் 40,000 பேருக்கு மேல் என்றும், அவர்களில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் இந்தியர் என்றும் கணக்குச் சொன்னது. கும்பல்களுக்கே பெயர் எண்கள்தான்: 04, 08, 36. எண்ணுக்குள் எண். அந்த வாரம் நாம் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். பலர் பத்திரிகையை மடித்து ஒளித்தார்கள். எந்தச் சிறுகதை அந்தப் பட்டியலைத் தயாரித்தது? எந்த நாவலைப் படித்துவிட்டு அதிகாரிகள் எண்ணினார்கள்? பெயரைக் கெடுப்பது முகமில்லாத எண். முகத்தைத் திருப்பிக் கொடுக்க மனிதரிடம் உள்ள பழைய கருவி கதை ஒன்றுதான். அந்த 36ஐச் சேர்ந்த பையனுக்கு ஒரு பாட்டி இருக்கிறாள், அவள் ஆயாக் கொட்டகையில் ஊரார் பிள்ளைகளை வளர்த்தவள், அவன் எந்த வகுப்பில் எந்த வாத்தியாரால் கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்டான் என்று எழுதினால் மானம் போய்விடுமாம். அவன் வெறும் 36ஆக இருந்தால் போகாதாம்.

ஜொகூர்க்காரர்களுக்கு இது தூரத்துச் சங்கதியும் இல்லை. குளுவாங் பக்கம் போகிறவர்களுக்குச் சிம்பாங் ரெங்காம் என்ற பெயர் தெரியும். 1969ஆம் ஆண்டு அவசரகாலச் சட்டத்தின்கீழ், விசாரணையில்லாமல், இரண்டு வருஷம், பிறகு மறுபடியும் நீட்டிப்பு என்று ஆட்களை அடைத்துவைத்த முகாம் அங்கே. அந்தச் சட்டம் 2011இல் போயிற்று. அதன் இடத்துக்கு வேறு சட்டங்கள் வந்தன. நான் வேலை பார்த்த நாட்களில் அந்தப் பக்கத்து பஸ் நிற்கும் இடத்தில், பிளாஸ்டிக் பையில் பிஸ்கட்டும் பனியனும் வைத்துக்கொண்டு விடிகாலையிலேயே வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். தமிழ் அம்மாக்கள். எந்த ஊர் என்று கேட்டால் சொல்வார்கள், எதற்கு வந்தோம் என்று சொல்லமாட்டார்கள். அவர்களைப் பற்றி, நான் படித்தவரையில், ஜொகூரில் ஒரு நல்ல சிறுகதை வரவில்லை. நமது மானம் அந்த பஸ் நிறுத்தத்தில் பத்திரமாக இருக்கிறது.

‘இண்டர்லோக்’ விவகாரம் நினைவிருக்கும். அப்துல்லா ஹுசேன் அறுபதுகளில் எழுதிய மலாய் நாவல். 2011இல் ஐந்தாம் படிவப் பாடநூலாக வந்தது. அதில் தமிழரைக் குறித்து வந்த சாதிச் சொல்லை எதிர்த்து நாம் கொதித்தெழுந்தோம். பின்னர் நூல் விலக்கிக்கொள்ளப்பட்டது. கொதித்தது சரிதான். வெளியிலிருந்து ஒருவர் நமக்குப் பெயர் சூட்டினால் அதை மறுக்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் அந்தக் கொதிப்பிலிருந்து நம்மவர் பலர் எடுத்துக்கொண்ட பாடம் விசித்திரமானது: இனி யாருமே, தமிழனேகூட, இதைப் பற்றி எழுதக்கூடாது. சாதி மலாய்க்காரர் நாவலில் மட்டுமா இருந்தது? நம் லயத்திலும் இருந்தது. கல்யாணப் பேச்சில் இன்றைக்கும் இருக்கிறது. தாமானுக்கு வந்த பிறகும், மகன் டாக்டரான பிறகும், குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். நம்முடைய கதைகளில் மட்டும் அதைக் காணோம். நாமே எழுதாமல் விட்ட பக்கத்தைத்தான் வேறொருவர் வந்து தப்பும் தவறுமாக நிரப்பினார்.

மலாய்க்காரர் என்ன நினைப்பார் என்று கவலைப்பட்ட நண்பருக்காக மலாய் இலக்கியத்திலிருந்தே ஒன்று. பாலத்துக்கு அந்தப் பக்கம், யுத்தம் முடிந்த சிங்கப்பூரில், கம்போங் கம்பிங் என்ற ஆட்டுக்கொட்டகைக் குடியிருப்பில் வாழும் பாலியல் தொழிலாளி ஒருத்தியை நடுவில் வைத்து அ. சமாட் சைட் எழுதிய நாவல் ‘சலினா’. 1961இல் வெளிவந்தது. மலாய்ச் சமூகம் மானம் போயிற்று என்று மாரடிக்கவில்லை. அந்த நாவல் அவர்களுடைய செவ்விலக்கியமாயிற்று. எழுதியவரை 1985இல் நாடே தேசிய இலக்கியவாதி என்று கௌரவித்தது. ஆக அவர்கள் நம் கதையைப் படித்தால் என்ன நினைப்பார்கள் என்பதற்கு ஓரளவு பதில் கையிலேயே இருக்கிறது. நாம்தான் நினைக்க மறுக்கிறோம்.

நம் பக்கம் நடந்தது வேறு. ம. நவீனின் ‘பேய்ச்சி’ கெடாவின் லூனாஸ் தோட்டப் பகுதியைக் களமாகக் கொண்ட நாவல். 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு அதைத் தடைசெய்தது. தமிழ் தெரியாத அதிகாரி ஒருவர் நள்ளிரவில் அதைப் படித்து அதிர்ந்து போனார் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நாவலுக்கு எதிராக முதலில் குரல் எழுப்பியவர்கள் தமிழர்கள். கொச்சைச் சொற்கள் இருந்தனவாம். தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியாத ஒரு சொல்லாவது அதில் இருந்ததா? நாவல் பிடிக்கவில்லை என்றால் விமர்சனம் எழுதலாம், கிழித்துத் தோரணம் கட்டலாம். நானே அதில் சில இடங்களோடு சண்டை போடுவேன். அமைச்சின் கதவைத் தட்டுவது வேறு காரியம். மலாயில் எழுதப்படுவது மட்டுமே தேசிய இலக்கியம், மற்ற மொழிகளில் எழுதப்படுவது இன இலக்கியம் என்று வகுத்து வைத்திருக்கும் நாடு இது. நாற்பது பேர் கூடுகிற மண்டபத்தில் தன் புத்தகத்தைத் தானே வெளியிட்டு, தானே பெட்டியில் கட்டி வீட்டுக்குத் தூக்கிப் போகிற தமிழ் எழுத்தாளனைவிட ஓரத்தில் இருப்பவன் யார்?

இப்போது அந்தப் பெரிய வாதம்: தோட்டம் முடிந்துவிட்டது.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. 2006இல் இஸ்கந்தர் திட்டம் தொடங்கிய பிறகு ஜொகூர் பாருவைச் சுற்றி நிலத்தின் விலை ஏறியது. ஆள் கணக்கெடுத்த நேற்றைய பெரட்டுக் களத்தில் இன்று கடைவரிசை நிற்கிறது. எல்லாம் சரி. ஆட்கள் எங்கே போனார்கள்? தோட்டம் விற்கப்பட்டால் வீடும் போயிற்று, ஏனென்றால் வீடு வேலையோடு ஒட்டியது. மூன்று தலைமுறை மரம் வெட்டிய குடும்பத்துக்கு மண்ணில் ஒரு சாண் சொந்தமில்லை. மாட்டை விற்றார்கள், முனியாண்டி சாமியை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் நின்றார்கள், மாசாயிலும் உலு திராமிலும் ஸ்கூடாயிலும் மலிவு விலை அடுக்ககங்களில் ஏறினார்கள். லயத்தை நிமிர்த்தி வைத்தால் அடுக்ககம். அதே பக்கத்து வீட்டுச் சண்டை, அதே கடன், மரம் மட்டும் இல்லை.

அங்கிருந்து விடிகாலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்புகிறார்கள். 1924இல் திறந்த பாலம் ஒன்று, 1998இல் திறந்த துவாஸ் பாலம் ஒன்று. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. அதற்காக மழைக்கோட்டுக்குள் புகையை விழுங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். பிள்ளை எழும்புமுன் போய், பிள்ளை தூங்கிய பின் வருகிற அப்பா. பிள்ளைக்கு அவர் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி. ஊரில் இவரை யாரும் ஓரத்து மனிதர் என்று சொல்வதில்லை. “சிங்கப்பூர்ல வேலை, கை நெறையச் சம்பளம்” என்பார்கள். எனக்கு இந்த ‘விளிம்புநிலை’ என்ற சொல்லே அவ்வளவாகப் பிடிக்காது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். கருத்தரங்கில் பிறந்த சொல் அது. எந்த மனிதனும் தன் வாழ்க்கையின் விளிம்பில் வாழ்வதில்லை, நடுவில்தான் வாழ்கிறான். அந்த நடுவிலிருந்து பார்த்து எழுதுவதற்குத்தான் சிறுகதை.

சுதந்திரத்துக்குப் பிறகு குடியுரிமைப் பத்திரம் எடுக்கத் தவறியவர்களின் கதையும் முடியவில்லை. 1969க்குப் பின் வேலை பெர்மிட் இல்லாமல் பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். தங்கியவர்கள் சிவப்பு அடையாள அட்டையோடு கிழவர்களானார்கள். அப்படிக் குடியுரிமையில்லாமல் இருந்தவர்கள் பகாங்கில் கொத்தடிமைகளாக வதைபட்டதை வைத்துக் கோ. புண்ணியவான் ‘செலாஞ்சார் அம்பாட்’ எழுதினார். சீ. முத்துசாமி தோட்டத்து இருட்டை ‘மண்புழுக்க’ளில் எழுதினார், 2017இல் தமிழ்நாட்டில் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது. இருவரும் கெடாக்காரர்கள். சௌ கிட் தெருக்களின் திருநங்கையரை நவீன் ‘சிகண்டி’யில் எழுதினார், அது தலைநகரம். நம் மாநிலத்தில் தங்காக்கில் இருந்துகொண்டு மா. இராமையா மலேசியத் தமிழ் இலக்கியத்துக்கே வரலாறு தொகுத்தார். வரலாற்றை நாம் எழுதினோம், கதையை வடக்கே விட்டுவிட்டோம் என்று நான் கிண்டலாகச் சொல்வதுண்டு. கோபப்படுகிறவர்கள் மறுத்து ஒரு கதை எழுதட்டும், சந்தோஷமாகத் தோற்கிறேன்.

எதிர்த்தரப்பில் ஒரு வாதத்துக்கு மட்டும் நான் தலை வணங்குவேன். சாக்கடையை எழுதுகிறேன் என்று சொல்லிச் சாக்கடையை விற்கிறவர்கள் இருக்கிறார்கள். பத்தி தவறாமல் ஒரு கெட்ட வார்த்தை, பக்கம் தவறாமல் ஒரு வன்புணர்ச்சி, சென்னைப் புத்தகக் கண்காட்சியில் ‘அதிர வைக்கும்’ என்ற அட்டை வாசகம். தோட்டத்தை ஒருநாள்கூடப் பார்க்காதவர் ‘ஒட்டுப்பால்’, ‘மங்கு’, ‘தண்டல்’ என்று நாலு சொல்லைத் தூவிவிட்டால் மண்வாசனை வந்துவிடுமா? இவர்களுடைய குடிகாரனும் பொம்மைதான். போட்டிக் கதையில் அவன் திருந்துவதற்காகக் குடிக்கிறான்; இவர்கள் கதையில் வாசகரை அதிரவைப்பதற்காகக் குடிக்கிறான். தனக்காக ஒரு மடக்கு குடிக்க அவனை இரண்டு பேருமே விடுவதில்லை. ஆனால் கள்ளநோட்டு புழங்குகிறது என்பதற்காக யாரும் பணத்தை ஒழிப்பதில்லை.

நம்பிக்கை என்கிறார்கள். யாருக்கு? அந்தப் பெண்ணின் கதையில் இருந்ததைவிட நம்பிக்கையான ஒரு காட்சியை நான் அந்தக் கட்டில் பார்க்கவில்லை. ஒரு மனிதனிடம் மிச்சமிருக்கும் நல்ல பத்து நிமிஷம், ஒவ்வொரு வாரமும், தவறாமல். அதை அவள் மிகைப்படுத்தவில்லை, மன்னிக்கவும் இல்லை. அப்படிப்பட்ட அப்பாவை வீட்டில் வைத்துக்கொண்டு படிக்கும் இன்னொரு பிள்ளை அதைப் படித்தால், தன் வீடு உலகத்தில் ஒற்றையாக இல்லை என்று தெரிந்துகொள்ளும். திருந்தும் அப்பன் கதையைப் படித்தால் அதற்குத் தெரிவது வேறு: எல்லா அப்பாக்களும் கடைசிப் பக்கத்தில் திருந்துகிறார்கள், என் அப்பா மட்டும் திருந்தவில்லை, கோளாறு என்னிடம்தான்.

பரிசுக் கதைகள் பிறகு தொகுப்பாக அச்சாகி வந்தன. நான் அந்தக் கதையைத் தேடிப் புரட்டினேன். கடைசிப் பத்தி மாறியிருந்தது. அப்பா மாரியம்மன் கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணுகிறார். மகள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். யார் மாற்றியது என்று விசாரித்தேன். “செம்மைப்படுத்தினோம் சார்” என்றார்கள்.

அதற்கடுத்த வருஷம் ஒரு பொங்கல் விழாவில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவள் பையிலிருந்து அந்தத் தொகுப்பை எடுத்துக் காட்டினாள். கடைசிப் பத்தியின்மேல் கோடு போட்ட நோட்டுத் தாளை அளவாக வெட்டி ஒட்டியிருந்தாள். அதில் பால்பாயிண்ட் பேனாவால், தன் கையெழுத்தில், அப்பா ஐந்தாவது சீருடையை ஆணியில் மாட்டிவிட்டுப் படியிறங்கிக்கொண்டிருந்தார்.

“எத்தன புக்குல இப்படி ஒட்டுன?” என்றேன்.

“என்கிட்ட குடுத்த பத்துலயும் சார். நூலகத்துல ரெண்டு இருக்கு, அதுக்குத்தான் இன்னும் போகல.”